சனி வளையத்தின் கடைசிக் காட்சி

"நெசமாச் சொல்லணும்னா அங்கிள், ஒரிஜினலை விட பிரீக்வல்தான் அடிபொளி!" என்று டெனின் சொன்னதும், சில்வஸ்டர் வாய்க்குக் கொண்டுபோன வாழைக்காய் பஜ்ஜி பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி ஜூடித் கண்ணாலேயே கெஞ்சினாள். வேண்டாம். இன்றைக்கு வேண்டாம்.

டெனினையும் குறை சொல்ல முடியாது. கூடலூரில் கணக்கு வாத்தியார். பக்கத்து ஓவேலியிலிருந்து அப்பாவோடு குன்னூரில் பெண் வீட்டுக்கு நிச்சயத் தேதி குறிக்க வந்திருந்தான். மாமனாராகப் போகிறவருக்குப் பிடித்த படம் 'சனி வளையம்' என்று அவர் மகள் ஸ்டெபி போனில் சொல்லியிருந்தாள். அந்தப் படத்தின் முன்கதை 'சனி வளையம்: ஆதி' என்று போன மாதம் வெளியானதும், மாமனாரைக் குளிர வைக்கலாம் என்று ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அவருக்குப் பிடித்தது எந்தப் படம் என்று சொன்ன ஸ்டெபி, பிடிக்காதது எந்தப் படம் என்று சொல்லாமல் விட்டதுதான் பிசகு.

"எந்த விதத்துல அடிபொளி?" என்று சில்வஸ்டர் கேட்டார். குரல் மிக அமைதியாக இருந்தது. அந்த அமைதியைக் கேட்டுத்தான் ஸ்டெபி உள்ளறையிலிருந்து ஓடி வந்தாள்.

"கிராபிக்ஸ் அங்கிள்! அந்த வளையம் சுத்தறதப் பாக்கணுமே. பழைய படத்துல வெறும் தெர்மாகோல்தானே?"

"பழைய படத்த நீ பாத்திருக்கியா?"

"அது எங்கிங்க அங்கிள் கெடைக்குது? யூடியூப்ல நாலு நிமிசம் இருக்கு. அதைப் பாத்தேன்."

அது உண்மைதான். தொண்ணூற்றொன்றில் வந்து, வந்த வேகத்தில் ஊரை விட்டு ஓடிய படம் அது. பிரதிகள் எல்லாம் எங்கோ ஒரு கிடங்கில் ஒட்டிப்போய்ப் பசையாகிவிட்டன. டிவியில் வரவில்லை, கேசட்டில் வரவில்லை. புதுப் படத்துக்கு விமர்சனம் எழுதிய எவனும் பழைய படம் வந்தபோது பிறந்திருக்கவில்லை. ஆனால் சில்வஸ்டர் குன்னூர் தியேட்டரில் அதை ஆறு தடவை பார்த்தவர். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. இப்போது வெலிங்டன் ராணுவ ஸ்டோரில் சிவிலியன் ஊழியராக, மலை மலையாய்க் குவிந்த பூட்ஸுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாலும், அந்தப் படத்தின் ஒவ்வொரு காட்சியும் அவருக்குப் பரிசுத்த வேதாகமம்.

"தெர்மாகோல்தான்! குக்கர் மூடிதான்! ஆனா அதை இருட்டுல காட்டினான் பாரு, அதான் டைரக்டர்! இந்தப் புதுப் படம் நடக்குறது பழைய கதைக்கு முப்பது வருசம் முன்னாடிதானே? அந்தக் கப்பல்ல எல்லாரும் டச் ஸ்கிரீனத் தடவுறானுங்க. முப்பது வருசம் கழிச்சு அதே கப்பல்ல குமிழத் திருகுறாங்க. அது எப்பிடி?"

டெனின் யோசித்தான். "அரசாங்கக் கப்பல்தானுங்களே அங்கிள்? டெண்டர் மாறியிருக்கும்."

முப்பது வருடம் அரசாங்க ஸ்டோரில் இருந்த சில்வஸ்டருக்கு டெண்டர் மாறுவது தெரியாததா? தெரிந்ததால்தான் கோபம் இரட்டிப்பானது.

"சரி, காவலனுக்கு வா! பழைய படத்துல காவலன் மொத்தப் படத்துக்கும் பேசுறது ஒரே வசனம். 'திரும்பிப் போ.' அவ்வளவுதான்! முகமூடிக்குள்ள யாரு? தெரியாது! கடைசியில கப்பல்ல வந்த டாக்டரம்மா அந்தக் கடைசிக் கதவு வரைக்கும் போறா. கதவு தொறக்குது. காவலன் முகமூடி மேல கைய வைக்கிறான். இருட்டு. படம் முடிஞ்சுது! அப்பிடி ஒரு முடிவு தமிழ்ல எவன் வச்சிருக்கான்? இந்தப் புதுப் படத்துல என்னடான்னா, அவன் அம்மா மடியில படுத்துத் தாலாட்டுக் கேக்குறான். ஊஞ்சல் ஆடுறான். கடைசியில டாக்டரம்மாவோட தொலைஞ்சுபோன தம்பியாம். தம்பி! சனிக் கெரகத்துக்குப் போயும் தொலைஞ்சுபோன தம்பி!"

சில்வஸ்டர் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அந்தப் படம் வந்த வருடம்தான் அவருடைய அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். தியேட்டரில் விளக்கு எரிந்த பிறகு, பனிமூட்டத்தில் வண்டிச்சோலை வரைக்கும் நடந்து வரும்போது, அந்த முகமூடிக்குள் அவர் தன் அப்பாவின் முகத்தை வைத்துப் பார்த்தார். பொருந்தியது. ஆறு தடவையும் பொருந்தியது. அந்த இடத்தில் எவனோ ஒருவன் கோடிக்கணக்கில் கொட்டி ஒரு ஊஞ்சல் பையனைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் கோபம் வராதா?

நிலைமையைச் சமாளிக்க டெனினின் அப்பா செல்லதுரை தொண்டையைச் செருமினார். எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் உறிஞ்சி, ருசித்து, நிதானமாகத்தான் பேசுவார்.

"எதுக்குங்க சம்பந்தி இந்தச் சண்டை? பழைய படத்துலயும் தம்பிதானே? நான் கூடலூர்ல பாத்திருக்கனே. முகமூடியக் கழட்டுவான். அக்கான்னு கூப்பிடுவான். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக் குடும்பப் பாட்டு ஒண்ணு பாடுவாங்க."

சில்வஸ்டர் பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

"குடும்பப் பாட்டா?" என்றார் சில்வஸ்டர்.

"ஆமாங்க. நல்ல பாட்டு."

"'சனி வளையத்'துல குடும்பப் பாட்டா? நீங்க வேற ஏதோ படத்தப் பாத்துட்டு வந்து ஒளர்றீங்க!"

"நாப்பது வருசம் டீ ருசி பாத்த நாக்குங்க இது. பொய் சொல்லாது."

"நாக்கு பொய் சொல்லாது. அது இருக்குற ஆளு சொல்லலாமே!"

ஜூடித் தலையில் கை வைத்துக்கொண்டாள். செல்லதுரை மெதுவாக எழுந்தார். கையிலிருந்த டம்ளர் டீயை ஒரு முறை உறிஞ்சிப் பார்த்தார். "டஸ்ட்டு, மட்டத் தூளு" என்றார். டம்ளரை வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். டெனின் ஸ்டெபியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனான்.

ஸ்டெபி அப்பாவைப் பார்த்த பார்வையில் பஜ்ஜி இன்னொரு தடவை பொரிந்திருக்கும்.

"அப்பா, மூணு மாசமாப் பேசிட்டு இருக்கோம். எனக்கு அவனைப் புடிச்சிருக்கு. ஒரு படத்துக்காகவா?"

"படத்துக்காக இல்ல. உண்மைக்காக!"

"ஏனுங்க," என்றாள் ஜூடித். அவள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பை அடக்கும் குரல் அது. "போனைப் போடுங்க. மன்னிப்புக் கேளுங்க. இப்பவே."

சில்வஸ்டர் போட்டார். ஜூடித் பக்கத்திலேயே நின்றாள்.

"சம்பந்திங்களா? நான் சில்வஸ்டர். அப்பக் கொஞ்சம் வேகமாப் பேசிட்டனுங்க. மன்னிச்சுக்கங்க. உங்க வயசுக்கு ஞாபகம் கொழம்புறது சகஜம்தான், அதைப் பெருசு பண்ணியிருக்கக் கூடாது."

மறுமுனையில் ஓவேலித் தேயிலைக் காடுகளே சிலிர்த்துக்கொண்டதைப் போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு போன் அறுந்தது.

"எனக்கும் உங்களுக்கும் ஒரே வயசு," என்றாள் ஜூடித் பல்லைக் கடித்துக்கொண்டு. "அந்த மனுசனுக்கு நம்மள விட அஞ்சு வயசுதான் கூட."

இரண்டு நாள் சில்வஸ்டரே டீ போட்டுக் குடித்தார். மூன்றாம் நாள் ஸ்டெபியும் டெனினும் சேர்ந்து ஒரு யோசனை கொண்டுவந்தார்கள். இரண்டு குடும்பமும் ஊட்டியில் சேர்ந்து புதுப் படத்தைப் பார்ப்பது. யாரும் எதுவும் பேசக் கூடாது. படம் முடிந்ததும் ஒன்றாகச் சாப்பிட்டு, தேதி குறித்துவிட்டுக் கலைவது.

"பேச மாட்டீங்கதானே அப்பா?"

"மூச்சு விட மாட்டேன்."

சில்வஸ்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு மணி நேரம். டச் ஸ்கிரீனைப் பொறுத்தார். தாலாட்டைப் பொறுத்தார். ரோபோ பஞ்ச் வசனம் பேசியபோது நாற்காலிக் கையைப் பிய்த்தெடுக்கிற மாதிரி பிடித்துக்கொண்டாரே ஒழிய, வாயைத் திறக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் செல்லதுரை பாப்கார்னை ஒவ்வொன்றாக ருசித்துக்கொண்டிருந்தார். அதையும் பொறுத்தார்.

திரையில் காவலன் கண்ணாடி முன்னால் நின்று, முதன்முதலாக முகமூடியை மாட்டிக்கொண்டு, "இனி என் அக்கா கூட என்னை அடையாளம் காண மாட்டாள்" என்று விசும்பினான்.

செல்லதுரை சில்வஸ்டரின் பக்கம் சாய்ந்து, ஜெயித்துவிட்ட குரலில் சொன்னார்: "பாத்தீங்களா? தம்பி."

சில்வஸ்டர் எழுந்து திரையைப் பார்த்துக் கத்தினார்.

"தம்பி இல்லடா! அவன் யாருன்னு சொல்லக் கூடாதுடா! சொல்லாம விட்டாத்தாண்டா அவன் காவலன்! ஊஞ்சலாட்டுறதுக்கு எங்க படந்தான் கெடைச்சுதா?"

பின்வரிசையில் விசில் பறந்தது. செல்லதுரை அவர் கையைப் பிடித்து உட்கார வைக்க எழுந்தார். சில்வஸ்டர் உதறினார். பாப்கார்ன் முழுவதும் செல்லதுரையின் தலையில் கவிழ்ந்தது. டார்ச் லைட்டோடு வந்த தியேட்டர்காரர்கள் யார் கத்தியது என்று விசாரிக்கவில்லை. நின்றிருந்த இரண்டு பேரையும் சேர்த்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

மறுநாள் காலையில் நீலகிரி முழுக்க அந்த வீடியோ சுற்றியது. எடுத்தவன் செல்லதுரைக்கு நேர் முன்னால் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தவன். அதனால் வீடியோவில் இருந்தது சில்வஸ்டரின் குரலும் செல்லதுரையின் முகமும்தான். தலையெல்லாம் பாப்கார்னோடு கையை ஆட்டிக்கொண்டு நின்ற செல்லதுரைக்கு 'சனி அங்கிள்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

செல்லதுரை ஜூடித்துக்குப் போன் செய்தார். சில்வஸ்டரோடு பேச அவர் தயாராக இல்லை.

"டீச்சரம்மா, நாப்பது வருசம் ஓவேலியில தலை நிமிந்து நடந்தவன் நான். இன்னைக்கு டீக்கடையில போயி நின்னா, 'சனி அங்கிள், ஒரு ஸ்ட்ராங்கா?'ங்குறான். பஸ் கண்டக்டர் 'திரும்பிப் போ'ங்குறான்! கத்துனது யாரு, பேரு வாங்குனது யாருங்க? உங்க ஊட்டுக்காரர் நாலு பேர் முன்னாடி, 'செல்லதுரை சொன்னதுதான் சரி, நான்தான் தப்பு'ன்னு சொல்லணும். ஞாயித்துக்கெழமை. உங்க கோயில்ல. இல்லைன்னா இந்தச் சம்பந்தம் இத்தோட முடிஞ்சுது!"

"சொல்லுவாருங்க," என்றாள் ஜூடித்.

"சொல்ல மாட்டேன்!" என்று பின்னாலிருந்து கத்தினார் சில்வஸ்டர். "கத்துனதுக்கு மன்னிப்புக் கேக்கறேன். பாப்கார்னுக்குக் கேக்கறேன். அவர் சொன்னது சரின்னு மட்டும் சொல்ல மாட்டேன். குடும்பப் பாட்டு இருந்துச்சுன்னு சர்ச்சுல நின்னு பொய் சொல்லணுமா?"

அன்று ஸ்டெபி அழவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மோதிர அளவுக்காக விரலில் கட்டி வைத்திருந்த நூலை அவர் எதிரிலேயே அவிழ்த்து மேசையில் வைத்தாள். "உங்க காவலனுக்கே போட்டு விடுங்க," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

சில்வஸ்டர் அந்த நூலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொய் சொன்னால் மகளின் கல்யாணம் நடக்கும். சொல்லாவிட்டால் நடக்காது. இரண்டும் இல்லாமல் மூன்றாவது வழி ஒன்று வேண்டும். மதியம் வாக்கில் அது கிடைத்தது. சாட்சி!

குன்னூர் தியேட்டர் மூடி இருபது வருடம் ஆகிவிட்டது. ஆனால் அதில் படம் ஓட்டிய ஆபரேட்டர் சுடலைமுத்து இன்னும் உயிரோடு இருந்தார். எமரால்டில் மகனுடைய கேரட் தோட்டத்தில் இருப்பதாக மார்க்கெட்டில் சொன்னார்கள். அந்த ஆறு தடவையும் தலைக்கு மேலே, சின்னச் சன்னலுக்குப் பின்னால் இருந்து அதே காட்சியைப் பார்த்த மனிதர். படத்தைக் கையாலேயே தொட்டவர். அவரை விடப் பெரிய சாட்சி யார்?

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு சில்வஸ்டர் எமரால்டுக்குப் பஸ் ஏறினார். சுடலைமுத்து கம்பளித் தொப்பியோடு வெயிலில் உட்கார்ந்து கேரட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னைய ஞாபகம் இருக்குங்களா?"

பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, சனி வளையம் தம்பி! மறக்க முடியுங்களா? ஒவ்வொரு வாட்டியும் படம் முடிஞ்சு எல்லாரும் கத்திட்டு இருப்பாங்க, நீங்க ஒருத்தர் மட்டும் எந்திரிச்சு நின்னு கைதட்டுவீங்க."

சில்வஸ்டர் பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஊரே புரியாமல் கத்தியபோது தனக்கு மட்டும் புரிந்திருக்கிறது!

"அந்தக் கடைசிக் காட்சி ஞாபகம் இருக்குங்களா? கதவு தொறக்கும். காவலன் முகமூடியில கைய வைப்பான். இருட்டு. உடனே தியேட்டர்ல லைட் எரியும். சரிதானுங்களே?"

"சரிதானுங்க. நான்தானே லைட்டப் போடுவேன்."

"தம்பி கெடையாதே? குடும்பப் பாட்டு கெடையாதே?"

"நான் ஓட்டுனதுல பாட்டு இல்லீங்க. ஆனா தம்பி, அதுல ஒரு சேதி…"

"இது போதும்! ஒரு வார்த்தை கூட வேண்டாம். நாளைக்கு வந்து இதை அப்பிடியே சொல்லுங்க."

மறுநாள் காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு வரும்போது எமரால்டிலிருந்து ஊட்டி, ஊட்டியிலிருந்து குன்னூர் வரைக்கும் சில்வஸ்டரே பேசினார். டச் ஸ்கிரீனைப் பற்றிப் பேசினார், ஊஞ்சலைப் பற்றிப் பேசினார், எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி நாசமாக்கும் இந்தக் காலத்தைப் பற்றிப் பேசினார். பெரியவர் இரண்டு மூன்று முறை வாயைத் திறந்தார். கேத்தி தாண்டியதும் விட்டுவிட்டார்.

இரண்டாம் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் பங்குத்தந்தை. ஒரு பக்கம் செல்லதுரையும் டெனினும். செல்லதுரை சில்வஸ்டரைப் பார்க்காமல் சுவரில் இருந்த அன்னை தெரசாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபக்கம் ஜூடித்தும் ஸ்டெபியும். வெறும் விரலோடு உட்கார்ந்திருந்த மகளை சில்வஸ்டர் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சொல்லுங்க சில்வஸ்டர்," என்றார் பங்குத்தந்தை. "செல்லதுரை சாருக்கு ஏதோ சொல்லணும்னீங்களே."

"ஃபாதர், தியேட்டர்ல கத்துனது தப்பு. பாப்கார்ன் கொட்டுனது தப்பு. அந்தச் 'சனி அங்கிள்' நான்தான்னு நானே ஒரு வீடியோ போட்டு ஓவேலிக்கே அனுப்பறேன். எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

செல்லதுரை தெரசாவிடமிருந்து கண்ணைத் திருப்பினார்.

"ஆனா," என்றார் சில்வஸ்டர்.

"போச்சு," என்றாள் ஸ்டெபி.

"ஆனா உண்மைன்னு ஒண்ணு இருக்கே ஃபாதர்! அதுக்கு நான் சாட்சி கூட்டிட்டு வந்திருக்கேன்."

"சாட்சியா?" செல்லதுரை துள்ளி எழுந்தார். "மன்னிப்புக் கேக்க வரச் சொன்னா கோர்ட்டு நடத்த வந்திருக்கீங்களா? டேய் டெனின், எந்திரி!"

"அப்பா, நீங்களே முடிச்சுட்டீங்க," என்று ஸ்டெபியும் எழுந்தாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "சந்தோசமா இருங்க."

"உக்காருங்க எல்லாரும்!" என்று மேசையைத் தட்டினாள் ஜூடித். ஏழாம் வகுப்பு உட்கார்ந்தது. பங்குத்தந்தையும் எழப் பார்த்தவர் உட்கார்ந்துவிட்டார். "இவ்வளவு தூரம் வந்தாச்சு. அந்தப் பெரியவர் சொல்றதைக் கேட்டுரலாம். ஏனுங்க, இங்க பாருங்க. அவர் சொல்றதுதான் முடிவு. நீங்க தோத்தா, எல்லார் முன்னாடியும் சம்பந்தி காலத் தொட்டு, 'ஒரிஜினலை விட பிரீக்வல்தான் நல்லா இருக்கு'ன்னு மூணு வாட்டி சொல்லணும். அடுத்த மாசம் நிச்சயம். சரியா?"

"சரி!" என்றார் சில்வஸ்டர் மார்பை நிமிர்த்தி. "நான் ஜெயிச்சா?"

"ஜெயிச்சா, அவர் உங்ககிட்ட மன்னிப்புக் கேப்பாரு. நிச்சயம் அதே தேதிதான்."

செல்லதுரை மீசையைத் தடவினார். "எனக்குச் சம்மதம்."

சுடலைமுத்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். இத்தனை கோபமான முகங்களை ஒன்றாகப் பார்த்து வாசல் பக்கம் ஓர் அடி நகர்ந்தார். சில்வஸ்டர் அருகில் போய்த் தோளைத் தொட்டார்.

"பயப்படாதீங்க பெரியவரே. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. குன்னூர்ல கதவு தொறந்து, காவலன் முகமூடியில கை வச்சதும் இருட்டாயிடும். உண்மையா, பொய்யா?"

"உண்மைங்க."

"தம்பி வந்தானா?"

"வரலீங்க."

"குடும்பப் பாட்டு?"

"இல்லீங்க. ஒம்போது நாளும் இல்லீங்க."

செல்லதுரையின் முகம் கறுத்தது. டெனின் தலையைக் குனிந்துகொண்டான். முப்பத்து நான்கு வருடத்துக்குப் பிறகு சில்வஸ்டர் மறுபடியும் அந்தத் தியேட்டரில் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் முகம் முகமூடிக்குள் பத்திரமாக இருந்தது. கோபமெல்லாம் வடிந்து, பெருந்தன்மையாகச் செல்லதுரையின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

பங்குத்தந்தைதான் ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தார். "அப்ப, படம் அந்த எடத்துலதான் முடியுது, இல்லீங்களா பெரியவரே?"

"படம் எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியாதுங்க சாமி," என்றார் சுடலைமுத்து. "கடைசி ரீல் பெட்டிய பஸ்காரன் குன்னூர்ல எறக்க மறந்து நேராக் கூடலூர் தியேட்டருக்குக் கொண்டுபோயிட்டான், அதனாலதான் ஒம்போது நாளும் இருக்கற ரீல் தீந்த எடத்துல லைட்டப் போட்டு எல்லாரையும் ஊட்டுக்கு அனுப்பிட்டேன்."